ஆட்கடத்தல் கதைக்கு வெள்ளை வேன் எதுக்கு?

பதுளைக்காரி:
போன வாரம் இங்கே பேசிய சிறுகதையில் இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டச் சிறுமி ஒருத்தியை வெள்ளை வேனில் தூக்கிப்போய் வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். தாய் கதறுகிறாள், கதை முடிகிறது. தோட்டத்தில் ஆள் பிடிக்கிறவனுக்கு வேன் எதுக்கு? தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து பிளேன்டீ குடிப்பான், ஐடி கார்ட் கொப்பி வாங்குவான், முன்பணத்தைக் கையில் வைப்பான், பஸ்ஸில் கூட்டிப்போவான். பல நேரம் அதே தோட்டத்து டிவிஷன்காரன், சொந்தக்காரனாகவும் இருப்பான். இன்னொன்று, வயது குறைந்த பிள்ளை என்றால் அநேகமாகக் கொழும்பில் வீட்டு வேலைதான். வெளிநாடு என்றால் பெரும்பாலும் பிள்ளை பெற்றவள் போவாள்.

மஸ்கெலியா தம்பி:
அக்கா, அப்படி எழுதினா பழி பெத்தவ தலையில விழும். 2021 ஜூலையில டயகம தோட்டத்துப் பிள்ளை, 16 வயசு, வேலை செஞ்ச வீட்டுல தீக்காயப்பட்டு கொழும்பு ஆஸ்பத்திரியில செத்தப்ப, "ஏன் அனுப்பினாங்க"ன்னுதான் பல பேர் கேட்டாங்க. வேன் பொய்யா இருக்கலாம், ஆனா குத்தவாளி யாருன்னு வாசகருக்குத் தெரியுது.

பதுளைக்காரி:
பழி விழாமல் இருக்கச் சம்பளச் சிட்டையை எழுதணும் தம்பி. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அதிலும் ஈபிஎப் என்ற சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, கடைக்கடன் எல்லாம் போகும், அதுக்குப் பிறகு வாராவாரம் தவணை வாங்கும் கிழமை லோன்காரன் வாசலில் நிற்பான். அந்த இடத்தில் முன்பணம் வந்தால் யார் வேண்டாம் என்பார்? தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவும் (2006 திருத்தம்) பலவந்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஏமாற்றி, ஆசை காட்டி, ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தி ஆள் சேர்த்துக் கட்டாய வேலைக்கு அனுப்பினாலும் ஆட்கடத்தல்தான். 2 முதல் 20 வருடம் வரை சிறை. திரும்பி வரணும் என்றதும் "முன்பணத்தையும் டிக்கட் காசையும் கட்டு" என்பான். அதற்கும் கடன் அடிமைத்தனம் என்று 358அ பிரிவு இருக்கு.

தலவாக்கலை வாசகி:
கதையின் முடிச்சு விசாவில் இருக்கு. 2013-ல் வெளிநாடு போகிற பெண்ணிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கும் விதி வந்தது, 5 வயசுக்குக் கீழே பிள்ளை இருந்தால் வீட்டு வேலைக்குப் போக முடியாமல் போச்சு. 2022-ல்தான் தளர்த்தினார்கள். தடை வந்ததால் போக்கு நிற்கலை, வழி மாறிச்சு: பிள்ளையை அக்கா பிள்ளை என்று காட்டுவது, இல்லாட்டி விசிட் விசாவில் துபாய் போய் அங்கிருந்து ஓமான். 2022 கடைசியில் ஓமானில் சிக்கிய பெண்கள் செய்தி வெடிச்சதும் இந்தப் பாதையால்தான்.

விசிட் விசா என்றால் அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு கிடையாது. ஒப்பந்தக் கொப்பி இல்லை, காப்புறுதி இல்லை. புருஷன் முறைப்பாட்டுக்குப் போனால் ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தைக் கேட்பார்கள். அவன் கையில் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவும், ஓஃப் ஆகிப்போன தரகர் நம்பரும். அந்தக் கவுன்டர் காட்சியை யாராவது ஒழுங்காக எழுதினால் போதும். வருசக்கணக்கில் கழித்துத் திரும்பிய தாயை அடையாளம் தெரியாமல் பிள்ளை நிற்கும் அந்தப் பழைய காட்சியை இனி விட்டுடுங்க.

மஸ்கெலியா தம்பி:
பதிவோட போனவ தப்பிச்சாளா? கொழும்புல கையெழுத்து வச்சது ஒரு ஒப்பந்தம், அங்க போனதும் அரபியில இன்னொண்ணு, சம்பளம் குறைவு. பாஸ்போட் எசமான் அலமாரியில. சவூதி 2021 மார்ச்சில வேலை மாற வழி விட்டது, வீட்டு வேலைக்காரங்களை அதில சேர்க்கல. நீங்க சொல்ற மாதிரி எழுதினா 'பணியக முத்திரை இருந்தா நிம்மதி'ன்னு ஆகிடும். அது வேனை விடப் பெரிய பொய்.

தலவாக்கலை வாசகி:
முத்திரை காப்பாத்தும்னு சொல்லல. முத்திரை இருந்தால் கேட்க ஒரு பெயராவது இருக்கு.

பதுளைக்காரி:
வீட்டையும் மறக்காதீங்க. தாய் போனதும் பிள்ளைகளைப் பார்க்க ஆச்சி கொழுந்துக்குப் போறதை நிறுத்துவாள், அவள் பேர் விழாது, அந்த நாட்சம்பளமும் போகும். மூத்த மகள் எட்டாம் வகுப்போடு நின்று சின்னதைப் பார்ப்பாள். காசு வராவிட்டாலும் லோன்காரன் அதே கிழமை வருவான். பிறகு அதே தரகன் மகளுக்கு வேலை செய்யக் கொழும்பில் ஒரு வீடு இருக்கு என்பான். இரண்டாவது தடவை அவன் வாசலில் நிற்கும்போது புருஷன் என்ன சொல்வான்? அதை எழுதுங்க தம்பி, வில்லன் அங்கே தானாகத் தெரிவான்.

மஸ்கெலியா தம்பி:
தரகன் தெரிவான் அக்கா. தலைக்கு இவ்வளவுன்னு அவனுக்குக் கமிஷன் குடுக்கிற கொழும்பு ஆள் அப்பவும் கதைக்கு வெளியதான் நிப்பான்.