1926 ஒரு சதத்தில இருக்கிறது அச்சு வெடிப்போ, கீறலோ?

சுன்னாகத்தான்: நேற்று ஒருத்தர் இங்க 1926 இலங்கை ஒரு சதக் காசின்ர படத்தைப் போட்டு, ராசாவின்ர பிடரியில அச்சு வெடிப்பு, அபூர்வம், 15,000 ரூபா எண்டு எழுதியிருக்கிறார். பார்த்த நேரம் தொட்டு எனக்கு நித்திரை இல்லை. அது கீறல். காசு அடிக்கிற அச்சு வெடிச்சால் அந்த வெடிப்புக்குள்ள செம்பு போய் ஏறும், குத்தியில, அதாவது காசில, கோடு புடைச்சு நிக்கும். உதில பள்ளம். பள்ளமெண்டால் கீறல்.

வடலி: படம் போட்டது நான்தான். அது புடைப்பு அண்ணை. குத்தி கிடக்கிறது என்ர கையில, உங்கட கையில இல்லை.

சுன்னாகத்தான்: படத்தில பள்ளம்.

வடலி: வெளிச்சம் கீழ இருந்து விழுந்தால் புடைப்பும் பள்ளமாத்தான் தெரியும். போனைத் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்கோ.

சுன்னாகத்தான்: பிடிச்சன். அப்பவும் பள்ளம். ராசாவின்ர மூக்கு ஒழுங்காப் புடைச்சு நிக்குது தம்பி. வெளிச்சம் மூக்குக்கு ஒரு பக்கத்தாலயும் கோட்டுக்கு மற்றப் பக்கத்தாலயும் வந்ததோ?

கொழும்புத்துறையான்: புடைப்போ பள்ளமோ எண்டு மட்டும் பார்த்தால் காணாது. புதுக் கீறலின்ர கரையிலயும் செம்பு ஒதுங்கி எழும்பி நிக்கும். அச்சை மினுக்கேக்க விழுந்த கோடும் குத்தியில புடைச்சுத்தான் வரும், அது வெடிப்பில்லை. கோடு எழுத்தைத் தாண்டுற இடத்தைப் பாருங்கோ. ஆணி கீறினதெண்டால் எழுத்தின்ர உச்சியில பட்டு, அடி மூலையைத் தொடாமல் பாய்ஞ்சு போயிருக்கும். வெடிப்பெண்டால் அந்த மூலைக்குள்ளயும் விடாமல் ஓடும். வடலி, அந்த இடத்தைக் கிட்டவா எடுத்துப் போடும்.

சுன்னாகத்தான்: வகுப்பு வேண்டாம் மாஸ்டர். பள்ளமோ இல்லையோ?

பனங்கொட்டை: உதுக்கேன் சண்டை? ஈரச் சவர்க்காரத்தில ஒருக்கா அழுத்தினால் தெரிஞ்சிடும்.

சுன்னாகத்தான்: நூறு வருசச் செம்பைச் சவர்க்காரத்தில அழுத்திறதோ! உம்மட கைவண்ணம் தெரியாதே. போன வருசம் எனக்குத் தந்த சதுர ஐஞ்சு சதத்தைப் பழப்புளி போட்டுத் தேய்ச்சு, குத்துவிளக்கு மாதிரி மினுக்கித் தந்த ஆளல்லோ.

பனங்கொட்டை: அதுக்கு மாறா நீர் தந்த சேதுக் காசு என்ன மாதிரி? அடிச்சதில்லை, உருக்கி வார்த்த போலி. நந்தியின்ர முதுகு முழுக்க அம்மைத் தழும்பு, விளிம்பைச் சுத்தி அரம் போட்ட தடம்.

சுன்னாகத்தான்: யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி காலத்துக் காசு கையால அடிச்சது. விளிம்பு வெடிச்சும், 'சேது'வில பாதி எழுத்து வெளியில போயும்தான் வரும்.

பனங்கொட்டை: ஓமோம். உம்மட காசில வெடிப்பெண்டால் சரித்திரம், பெடியன்ர காசில எண்டால் கீறல்.

வடலி: நல்லாக் கேளுங்கோ அண்ணை. மற்றப் பக்கத்துப் பனை எவ்வளவு வடிவா விழுந்திருக்குது எண்டும் அவர் பார்க்கேல்லை.

சுன்னாகத்தான்: அது பனையே இல்லை, தாளிப்பனை. மரமும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

வடலி: பனங்காணிக்குள்ள பிறந்து வளர்ந்தவனுக்குப் பனை தெரியாதோ?

சுன்னாகத்தான்: தெரிஞ்சிருந்தால் தாளியைப் பனை எண்டு சொல்லமாட்டீர்.

கொழும்புத்துறையான்: மரத்தை விடுங்கோ. வெடிப்பே எண்டாலும் மயிர்க்கோட்டுக்கு உந்த விலை இல்லை. அச்சின்ர கரைத் துண்டு உடைஞ்சு விழுந்து, குத்தியின்ர விளிம்பில எழுத்தில்லாமல் மொட்டையாத் திரண்டு நிண்டால்தான் ஆக்கள் தேடி வருவினம். கிட்டப் படம் எங்க?

வடலி: படம் ஏன்? கஸ்தூரியார் வீதியில ஒரு பத்தரிட்டக் கொண்டுபோய் லென்ஸால பார்த்தாச்சு. புடைப்பெண்டு அவரே சொல்லிப்போட்டார்.

சுன்னாகத்தான்: பத்தருக்குப் பவுண் தெரியும். அச்சைப் பற்றி என்ன தெரியும்?

வடலி: அவர் நாள் முழுக்க அச்சிலதான் அடிக்கிறவர்.

கொழும்புத்துறையான்: படம். மூண்டாந்தரம் கேக்கிறன்.

வடலி: இனி விலை 20,000.

சுன்னாகத்தான்: பள்ளத்துக்கோ?