புது வண்டிக்கு நாற்பதிலேயே போனால் போதுமா? முதல் ஆயிரம் கிலோமீட்டர் அனுபவங்கள்

பாலக்கோடு வாசி:

போன மாதம் 150 சிசி வண்டி ஒன்று எடுத்தேன். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்கு ஓட்டி வந்தேன். இன்று மீட்டரில் 912. முதல் சர்வீஸ் முடிந்துவிட்டது. இந்த முறை வண்டியை எப்படிப் பழக்கினேன் என்று எழுதுகிறேன். போன முறை நான் செய்த தப்பை இன்னும் நிறையப் பேர் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

முந்தைய வண்டி 2013-இல் எடுத்தது. சாவியைக் கொடுக்கும்போது, "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதீங்க சார்" என்றார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். எனக்கு அப்போது கிருஷ்ணகிரியில் வேலை. காரிமங்கலத்தில் நான்குவழிச் சாலையில் ஏறினால், காவேரிப்பட்டணம் தாண்டி ஊர் வரும்வரை இடது ஓரமாக, டாப் கியரில், நாற்பதில் முள்ளை நிறுத்தி வைத்துப் போவேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டும். நான் அசைய மாட்டேன். பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

25,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கால் லிட்டர், அரை லிட்டர் காணாமல் போகும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நீலம் கலந்த புகை. மனைவியின் ஊர் பென்னாகரம். அங்கே ஒரு பெரிய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். உள்சுவர் கண்ணாடி போல மின்னியது.

"ஏர் ஃபில்டர் சுத்தமா இருக்கு. ஆயிலும் நேரத்துக்கு மாத்தியிருக்க. புதுசுல எப்படி ஓட்டின தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். எழுந்து போய், உள்சுவரைப் புதிதாகக் கடைந்து (போர் அடித்து) வந்திருந்த இன்னொரு பிளாக்கை எடுத்துவந்து என் விரலைப் பிடித்து உள்ளே விட்டார். நகத்தால் வருடினால் சரசரவென்று இருந்தது. உற்றுப் பார்த்தால் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள், சல்லடை போல.

"அம்மி கொத்தின மாதிரி இருக்குதா? இந்தக் கொத்து இருந்தாத்தான் பிஸ்டனைச் சுத்தியிருக்கிற ரிங்கு சுவரோட சேர்ந்து தேய்ஞ்சு செட் ஆகும். கோட்டுப் பள்ளத்துலதான் ஆயிலும் நிக்கும். நீ அம்மியில எதுவும் அரைக்காம, மேலாக்கத் தடவிக்கிட்டே இருந்திருக்க" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதுதான் எனக்குப் பாடம். பிஸ்டன் ரிங் தன் சொந்த விறைப்பால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தால் அந்தத் தள்ளல் போதாது. ரிங் சரியாகப் படியாது. இடுக்கில் தங்கும் ஆயில் எரிந்து எரிந்து சுவரில் பாலிஷ் போலப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு ஓட்டினாலும் ரிங் பிடிக்காது. அதற்காக முதல் நாளே முழுசாக முறுக்கினால் சூடு ஏறிச் சுவர் கீறிவிடும். நடுவில் ஒரு வழி இருக்கிறது: ஏற்றி இறக்கி ஓட்டுவது.

இன்னொன்றும் சொன்னார். நாற்பது என்பது வண்டியின் வேகம், இன்ஜினின் வேகம் அல்ல. ஏற்றத்தில் அஞ்சாவது கியரில் நாற்பதில் போனால் இன்ஜின் திணறும். அது மூன்றாவது கியரில் ஐம்பதில் போவதைவிடக் கெடுதல். பார்க்க வேண்டியது ஆர்பிஎம் முள்ளை, அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை.

சரி, புது வண்டிக்கு வருகிறேன். கையேட்டைப் படித்தேன். 1000 கி.மீ. வரை 5000 ஆர்பிஎம்முக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது என்று இருந்தது. நாற்பது என்று எங்குமே இல்லை. நான்குவழிச் சாலைப் பக்கமே போகவில்லை. அங்கே ஒரே வேகம், ஒரே கியர். நம் மாவட்டத்தின் உள்சாலைகளைப் போல இதற்கு வாய்ப்பான சாலை வேறெங்கும் கிடையாது என்பேன். முதல் மூன்று நாள் காலையில் மாரண்டஅள்ளி வழியாக ராயக்கோட்டை போய்த் திரும்பினேன். தக்காளிப் பெட்டி ஏற்றிய டெம்போவுக்குப் பின்னால் இரண்டாவது கியர், அதைத் தாண்டியதும் மூன்று, நான்கு, ஊருக்குள் மறுபடியும் இரண்டு. எந்த வேகத்திலும் சேர்ந்தாற்போல ஐந்து நிமிடம் இருக்க முடியாது. அதுதான் வேண்டும். புது டயர் வழவழவென்று இருக்கும் என்பதால் முதல் 150 கிலோமீட்டருக்கு வளைவில் வண்டியைச் சாய்க்கவில்லை. புது பிரேக்கும் படிய நாளாகும், முன்னால் போகிற வண்டிக்குத் தாராளமாக இடம் விட்டேன்.

நான்காவது நாள் ஒகேனக்கல். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்கு எதிரே நிறுத்தி இருபது நிமிடம் ஆற விட்டேன். சைலன்சரிலிருந்து புது வண்டிக்கே உரிய அந்தக் கருகல் வாசனை, இன்ஜினிலிருந்து டிக் டிக் என்று உலோகம் ஆறும் சத்தம். பென்னாகரம் தாண்டிக் காட்டு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கிளட்சைத் தொடாமல் இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். அப்படி இறங்கும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல் ரிங்குப் பக்கம் ஆயிலை இழுத்துக் கழுவும் என்பது மெக்கானிக் அண்ணன் கணக்கு. திரும்பி ஏறும்போது மூன்றாவது கியரில் பாதி ஆக்சிலேட்டர், 4500 வரை விட்டு, மறுபடி மூடி, மறுபடி ஏற்றி. பின்னால் யாரையும் உட்கார வைக்கவில்லை. மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

860-இல் முதல் சர்வீஸ். பழைய ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நின்று ஒரு சொட்டு விரலில் வாங்கி வெயிலில் காட்டினேன். கறுப்பு ஆயிலுக்குள் வெள்ளிப் பொடி தூவியது போல மினுக்கம். அதைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். கொத்திய அம்மியில் முதலில் தவிட்டை அரைத்துக் கொட்டுவார்கள் இல்லையா, கல்பொடி போவதற்கு. ரிங்கும் சுவரும் தேய்ந்து வந்த உலோகப் பொடியைச் சுமந்து வரும் இந்த ஆயில்தான் அந்தத் தவிடு. ஆயில்தான் இன்னும் நல்லா இருக்கே, அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்று இந்த முதல் ஆயில் மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஓசூர் தொழிலாளி:

நல்ல பதிவு. ஓசூரில் வாகன உதிரிபாகப் பட்டறையில் இருபது வருடமாக வேலை செய்கிறேன், ஹோனிங் மெஷினில் நின்றிருக்கிறேன். அந்தக் குறுக்குக் கோடுகளைப் போடுவது எங்கள் வேலை. கோட்டின் சாய்வு, ஆழம் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. தப்பினால் பிளாக் கழிவுக்குப் போகும். கருவியில் அளந்து முடித்த பிறகும் விரலை விட்டு ஒரு சுற்று வருடிப் பார்ப்பேன், பழக்கம்.

உங்கள் அப்பா சொன்னதை அப்படியே தள்ளிவிட வேண்டாம். அந்த நாற்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் ஊரிலிருந்து 1980-இல் டிவிஎஸ் 50 வெளிவந்தது. அன்றைக்கு ஓடியதில் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், புதுசில் இன்னும் கொஞ்சம் தாராளமாக. சூடு தாங்காமல் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் நின்று ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். என் மாமா சூளகிரி ஏற்றத்தில் அப்படி விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். அந்தப் பயத்தில் பிறந்த அறிவுரை அது, அன்றைக்குச் சரி. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாகச் சுற்றுகிறது, கடைசலும் எவ்வளவோ நேர்த்தி.

ஒரு திருத்தம். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் நின்ற இடத்திலேயே முறுக்கி உறும வைக்கிறார்கள். அது வேண்டாம். அரை நிமிடம் விட்டுவிட்டு மெதுவாகக் கிளம்புங்கள், முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் பதமாகப் போனால் தானாகச் சூடேறும்.

அரூர் அக்கா:

எனக்கு ஸ்கூட்டர், கியரே கிடையாது. இரண்டு பிள்ளைகளையும் பள்ளியில் விட்டுவிட்டு மொரப்பூர் போகிறேன். மேலே சொன்னதை எப்படிச் செய்வது? புது வண்டி, 140 கி.மீ. ஆகியிருக்கிறது. பிள்ளைகளை ஏற்றக் கூடாதா?

பாலக்கோடு வாசி:

அக்கா, பிள்ளைகளைத் தாராளமாக ஏற்றுங்கள். மெதுவாக, நடுவில் நின்று நின்று போகும் பள்ளிப் பயணம் தப்பே இல்லை. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் மட்டும் ஒரு மாதத்துக்கு வேறு வண்டியில் வரட்டும். கியர் இல்லாததால் நம் கையில் இருப்பது ஆக்சிலேட்டர் மட்டும்தான். அரூரிலிருந்து மொரப்பூர் வரை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு போகாமல், 30-க்கும் 50-க்கும் நடுவில் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். சாலை காலியாக இருக்கிறதே என்று முழுக்க முறுக்க வேண்டாம்.

ஓசூர் தொழிலாளி:

இன்னொன்று, எல்லோருக்கும். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். புது வண்டியோ பழைய வண்டியோ, அங்கே அதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி அந்த இறக்கத்தில் இறங்கினால், சூடேறிய பிரேக் பிடிக்காது. நம் பின்னால் வரும் லாரிக்கும் அதே கதிதான்.

அரூர் அக்கா:

சரி தம்பி, புரிந்தது. நேற்று 30, 50 என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். பின்னால் இருந்த சின்னவன், ஏம்மா வண்டி மூச்சு விடுது என்று கேட்டான். சர்வீஸ் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டேன். ஆயிலை நானும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.