மூன்று மாத அனிமேட் கோர்ஸா, நேராக சிஎஸ்எஸ்ஸா?

கெடிலக்கரை

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். தங்கை பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். இணையத்துக்கான அனிமேஷன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தோம். மூன்று மாதம், அடோபி அனிமேட் என்ற 2டி அனிமேஷன் மென்பொருள் மட்டும். கட்டணம் எங்கள் வீட்டுக்குக் கனம்தான். புதுச்சேரியில் வேலை பார்க்கும் நண்பர், "அந்தப் பணத்தைக் கட்டாதே, சிஎஸ்எஸ் படிக்கச் சொல்" என்கிறார். இணையப் பக்கத்தின் தோற்றத்தையும் அசைவையும் எழுதும் மொழியாம் அது. வீட்டில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். தங்கை நன்றாக வரைவாள். மார்கழியில் அவள் போடும் கோலத்தைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வருவார்கள். எதில் தொடங்கினால் அடிப்படை சரியாக வரும்?

லாஸ்பேட்டை நிரலன்

உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. அனிமேட்டின் பழைய வடிவமான ஃபிளாஷுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 1996-ல் வந்தது. ஒரு காலத்தில் இணையத்தில் அசைந்ததில் பெரும்பாலானது அதில் செய்ததுதான். ஐபோனில் அதை ஏன் சேர்க்கவில்லை என்று 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கமாகக் கடிதமே எழுதினார். 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கு ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் கோப்புகளை ஓட்டவே மறுத்துவிட்டது. கல்லூரி நாளில் நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த எட்டு வேலைகள் அந்த வடிவத்தில்தான் இருந்தன. மூலக் கோப்புகளை எடுத்து வைக்காதது என் தவறு. அன்றிலிருந்து, ஒரு கம்பெனியின் மென்பொருளை நம்பி யாரையும் தொடங்கச் சொல்வதில்லை.

சிஎஸ்எஸ்ஸுக்கு நோட்பேடும் பிரவுசரும் போதும். 4 ஜிபி லேப்டாப்பில் தாராளமாக ஓடும்.

ஓ.டி. துறைமுகம்

தம்பி, பிளேயர் போனது வேறு, வரையும் மென்பொருள் வேறு. அந்த மென்பொருளுக்குத்தான் 2016-ல் அனிமேட் என்று பெயர் மாற்றினார்கள். அதில் செய்ததை, பிரவுசரே நேராக வரைந்து காட்டும் ஹெச்டிஎம்எல்5 கேன்வாஸாகவும் எடுக்கலாம், வீடியோவாகவும் எடுக்கலாம். ஃபிளாஷைக் காட்டி இந்தப் பிள்ளையைப் பயமுறுத்தக் கூடாது.

நான் பன்னிரண்டு வருஷமாக 2டி அனிமேஷன் செய்கிறேன். புதிதாக வருபவருக்கு முதலில் வேண்டியது நேரக்கணக்கு. டைம்லைனில் 24 கட்டம் ஒரு வினாடி. எஃப்6 அடித்தால் புதுக் கீஃபிரேம், அதாவது படம் மாறும் கட்டம்; எஃப்5 அடித்தால் அதே படம் நீளும். ஆனியன் ஸ்கின்னைப் போட்டுவிட்டால் முந்தின படமும் அடுத்த படமும் மங்கலாகத் தெரியும். பந்து குதிப்பதை வரையச் சொல்லுங்கள். உச்சியில் பந்துகள் நெருங்கி நிற்கும், தரைக்குப் பக்கத்தில் விலகி நிற்கும். கண்ணால் பார்த்தால் ஒரே சாயங்காலத்தில் புரிந்துவிடும். நேராக நிரலுக்குப் போகிறவர்கள் எல்லாவற்றுக்கும், மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் ஈஸ்-இன்-அவுட் போட்டுவிடுகிறார்கள். பந்து தரையைத் தொடுவதற்குள் வேகம் குறைந்து, பஞ்சு மாதிரி வந்து உட்காருகிறது.

எங்கள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் படகைப் பாருங்கள். அலை வந்தால் முதலில் அணியம் எழும், அப்புறம் நடு, கடைசியில் பின்பக்கம். கம்பில் இருக்கும் கொடி அதற்கும் பிந்தித்தான் திரும்பும். கயிறு இழுத்துப் பிடிக்கும் இடத்தில் ஒரு சின்ன உதறல் இருக்கும். இதையெல்லாம் எண்களாகத் தட்டிக் கற்க முடியுமா? இழுத்து, வைத்து, ஓட்டிப் பார்த்து, திரும்ப நகர்த்திக் கற்க வேண்டியது இது.

லாஸ்பேட்டை நிரலன்

நேரக்கணக்கு முக்கியம்தான் அண்ணே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் கேட்டது இணையத்துக்கான அனிமேஷன். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் ஒருவருக்குப் போன வருஷம் தளம் செய்து கொடுத்தேன். அவர் கேட்டவை மூன்று: கூடையில் போட்டால் பட்டன் லேசாக அசைய வேண்டும், மெனு நழுவி வர வேண்டும், பணம் கட்டும்போது ஒரு வட்டம் சுற்ற வேண்டும். மூன்றுமே சிஎஸ்எஸ்தான்.

இதையே அனிமேட்டிலிருந்து கேன்வாஸாக எடுத்தால், கிரியேட்ஜேஎஸ் நிரல் தொகுப்பு முதலில் இறங்க வேண்டும். கேன்வாஸுக்குள் இருக்கும் எழுத்தும் வெறும் படம்தான். பார்வையற்றவர் வைத்திருக்கும் ஸ்கிரீன் ரீடர், தனியாக எழுதிக் கொடுத்தால் ஒழிய அதைப் படிக்காது.

இன்னொன்று. பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. பெட்டியை நகர்த்த, இடப்பக்கத்திலிருந்து தூரத்தைச் சொல்லும் 'லெஃப்ட்' மதிப்பை மாற்றினால், ஒவ்வொரு படத்துக்கும் பிரவுசர் பக்கத்தின் அமைப்பைத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். விலை குறைந்த போனில் அது திக்கித் திக்கித்தான் நகரும். நகர்த்தவும் சுழற்றவும் உதவும் 'டிரான்ஸ்ஃபார்ம்', மங்கலாக்கும் 'ஒபாசிட்டி' இரண்டையும் மட்டும் தொட்டால் அந்தக் கணக்கு தேவையில்லை, வழுக்கிக்கொண்டு போகும். இது டைம்லைன் வகுப்பில் வராது.

முத்தியால்பேட்டை டீச்சர்

நான் ஓவிய ஆசிரியை. என் வகுப்புப் பிள்ளைகள் பழைய டைரியின் ஓரத்தில் முப்பது படம் வரைந்து, விரலால் புரட்டிப் பார்த்துத்தான் அனிமேஷன் கற்கிறார்கள். கம்ப்யூட்டர் அப்புறம்தான்.

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்று ஒரு பெண்மணி. அட்டையில் கத்தரித்த உருவங்களுக்கு மூட்டு மூட்டாக இணைப்பு வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் கையால் துளி நகர்த்தி, 1926-லேயே முழுநீள அனிமேஷன் படம் கொடுத்தவர். நம் தோல்பாவைக்கும் தோளிலும் முழங்கையிலும் அப்படித்தான் இணைப்பு இருக்கிறது. 2017-ல் ஏர்பிஎன்பி வெளியிட்ட லாட்டி என்ற வடிவத்துக்கு அவர் நினைவாகத்தான் அந்தப் பெயர். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வரைந்ததை ஜேசான் என்ற எழுத்துக் கோப்பாக எடுத்து, தளத்திலும் ஆப்பிலும் ஓட்டும் முறை அது. ஆக, டைம்லைனில் வரைபவருக்கு இணையத்தில் இடமில்லை என்று தம்பி சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் பணம் கட்டாதீர்கள். சின்ஃபிக் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம். டைம்லைன், கீஃபிரேம், எலும்பு இணைப்பு எல்லாம் இருக்கிறது. அந்த லேப்டாப்பில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

ஓ.டி. துறைமுகம்

டீச்சர், பேப்பரில் தொடங்குவதற்கு நானும் கை தூக்குகிறேன். சின்ஃபிக்கைத் தனியாகக் கற்பதில் மட்டும் ஒரு சிக்கல். அதில் அனிமேஷன் முறையைத் தட்டினால் கேன்வாஸைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் வரும். அது இல்லாமல் கையை நகர்த்தினால் கீஃபிரேம் விழாது, அந்தக் கையின் அடிப்படை நிலையே மாறிவிடும். நான் இரண்டு நாள் வேலையை இப்படிக் கெடுத்திருக்கிறேன். "சட்டம் சிவப்பாக இருக்கிறதா பார்" என்று சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் வகுப்பு என்கிறேன்.

லாஸ்பேட்டை நிரலன்

அந்த வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள்: வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது, சிலருக்கு வலிப்பு வரும். தானாக ஓடத் தொடங்கி ஐந்து வினாடிக்கு மேல் அசைவதை நிறுத்த ஒரு வழி கொடுக்க வேண்டும். இரண்டும் டபிள்யூசிஏஜி என்ற, தளம் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்கான விதிகள். அசைவைப் பார்த்தால் தலை சுற்றும் ஆட்கள் போனில் அசைவைக் குறைக்கும்படி அமைத்து வைத்திருப்பார்கள். சிஎஸ்எஸ்ஸில் 'ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன்' என்ற ஒரு நிபந்தனையில் அதை மதிக்கலாம். என் அம்மாவுக்குத் தலைச்சுற்றல் உண்டு. அதனால் இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஓ.டி. துறைமுகம்

இது எனக்கு யாரும் சொல்லித் தராதது. குறித்து வைத்துக்கொண்டேன். ஆனாலும் பந்தை முதலில் வரையட்டும்.

கெடிலக்கரை

நான்கு நாளாக எல்லாவற்றையும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். மையத்துக்கு இன்னும் பணம் கட்டவில்லை. டைரியில் பந்து வரைந்தாள். மூன்றாவது தடவையில் தரையில் அடித்து எழுந்தது. அப்புறம் அவளாகவே ஒன்று முயன்றாள். ஒற்றைக் கோட்டில் வரும் சிக்குக் கோலத்தை, கோடுகளால் ஆன எஸ்விஜி படமாக வரைந்து, கோடு தானாக ஓடி முடிவது போல. கோட்டைத் துண்டும் இடைவெளியுமாகப் பிரிக்கும் 'ஸ்ட்ரோக் டேஷ்அரே' 500 என்று போட்டாள். ஓடத் தொடங்கும் முன்பே கோலத்தில் பாதி விழுந்து கிடக்கிறது. என்ன தப்பு?

லாஸ்பேட்டை நிரலன்

அந்தக் கோட்டின் நீளம் 500-ஐவிட அதிகமாக இருக்கும். அதனால் கோடு, இடைவெளி, கோடு என்று திரும்ப வருகிறது. 'பாத்லெங்த்' என்று ஒரு பண்பு இருக்கிறது, அதை 1 என்று வைக்கச் சொல்லுங்கள். உண்மை நீளம் எதுவானாலும் பிரவுசர் அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும். டேஷ்அரே 1, அந்தத் துண்டுகளை நகர்த்தும் டேஷ்ஆஃப்செட் 1-லிருந்து 0. அவ்வளவுதான்.

கெடிலக்கரை

ஓடியது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஆனால் தங்கை முகம் சுளிக்கிறாள். "மெஷின் போட்ட மாதிரி இருக்கு. வளைவில் கை மெதுவாகும், நேரில் வேகமாக இழுப்பேன், இதில் எல்லாம் ஒரே வேகம்" என்கிறாள்.

ஓ.டி. துறைமுகம்

நான் முதல் நாளிலிருந்து சொல்லும் நேரக்கணக்கு அதுதான். வாசலில் கோலம் போடும்போது ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் கை எந்த வினாடியில் வந்து சேர்கிறது என்று குறித்தால் அதுவே கீஃபிரேம் பட்டியல்.

லாஸ்பேட்டை நிரலன்

அண்ணே சொன்ன வினாடிகளைச் சதவீதமாக மாற்றி, ஒவ்வொரு வளைவிலும் ஒரு கீஃபிரேம் வைக்கட்டும். சிஎஸ்எஸ்ஸில் ஈஸ் என்ற வேக மாற்றம் முழு ஓட்டத்துக்கும் அல்ல, இரண்டு கீஃபிரேமுக்கு நடுவே தனித்தனியாக வேலை செய்யும். ஈஸ்-இன்-அவுட் போட்டால் ஒவ்வொரு வளைவிலும் கை நின்றே போகும். வேக வளைவை நான்கு எண்களில் சொல்லும் கியூபிக்-பெசியர் 0.3, 0.1, 0.7, 0.9 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்காது, தயங்கிவிட்டுப் போகும்.

கெடிலக்கரை

நாளைக் காலை வாசல் தெளித்ததும் எடுத்துவிடுகிறோம். அம்மா போனைப் பிடிக்கிறேன் என்கிறார்.