காஸ்ட் அயர்ன் புல்லட் 350: முந்தின ஓனர் கைவைத்த வண்டி. கிக்கர் திருப்பி அடிக்கிறது, சூடானால் நிற்கிறது. எங்கே தொடங்குவது?

ஸ்போக்

வணக்கம். நாலு கியர், பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனைகள் ஸ்பார்க்கைத் தூண்டும் பழைய முறை), 12 வோல்ட் பேட்டரி. முந்தின ஓனர் செய்து வைத்திருப்பவை: ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர், உள்ளே தடுப்பே இல்லாத குட்டை சைலன்சர், 60/55 வாட் ஹெட்லைட் பல்பு. அம்மீட்டரை எடுத்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். கார்புரேட்டர் கம்பெனியோடு வந்த அதே 24 மி.மீ.

தொல்லைகள்: கிக்கர் கணுக்காலைப் பெயர்க்கிற மாதிரி திருப்பி அடிக்கிறது. 15, 20 நிமிடம் ஓடியதும் நின்றுவிடும், அரை மணி ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் வெடி. பிளக் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. ஹெட்லைட் போட்டு ஹாரன் அடித்தால் சில நேரம் ஃபியூஸ் போகிறது.

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை. சரியா?

நட்டுபோல்ட்டு

இப்போதைக்கு வேண்டாம். ஒரு குறையை மறைக்க இன்னொன்றைத் திருகி வைத்த வண்டி மாதிரி தெரிகிறது. அதன் மேல் புது இக்னிஷன் போட்டால் மூன்றாவதாக ஒரு திரை விழும், அவ்வளவுதான். எதையும் மாற்றாமல் முதலில் அளந்து சொல்லுங்கள். எல்லாமே இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அதாவது ராத்திரி முழுக்க நின்ற வண்டியில்.

ஒன்று, டேப்பெட், அதாவது வால்வை இயக்கும் புஷ் ராடின் இடைவெளி. பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வந்து நிற்கும்போது இரண்டு புஷ் ராடும் விரலால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த இன்ஜினுக்கு இடைவெளி பூஜ்யம்தான், ஃபில்லர் கேஜ் நுழைக்கிற வேலை இல்லை. ராட் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக உட்காராது.

இரண்டு, பாயிண்ட் இடைவெளி. அகலமாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. முகப்பு இரண்டையும் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு என்றால், பாயிண்டில் பொறி பறக்காமல் அடக்கும் கண்டென்சர் மேல் சந்தேகம்.

மூன்று, டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னோக்கி உருட்டுங்கள். பாயிண்ட் நடுவில் மெல்லிய சிகரெட் தாள். தாள் நழுவுகிற அந்த நொடியில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்க வேண்டும். உருட்டும்போது தாண்டிவிட்டால் அங்கிருந்து அப்படியே திரும்பி வந்து அளக்காதீர்கள். நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள். பற்சக்கரங்களின் இடைவெளி அளவை ஏமாற்றும். பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பி விட்டு அளப்பது மயிரிழைத் துல்லியம் இல்லை. ஆனால் தப்பு பெரிதாக இருந்தால் கட்டாயம் காட்டிக்கொடுக்கும்.

வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்தள்ளும் அட்வான்ஸ் வெயிட்டையும் கையால் திருப்பிவிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் இழுத்து டக்கென்று பழைய இடத்துக்கு வரணும். துருப்பிடித்து விரிந்தபடியே நின்றால் டைமிங் எவ்வளவு சரியாக வைத்தாலும் கிக்கர் அடிக்கும்.

கரண்ட்கம்பி

வயரிங் பக்கம் நான் சொல்றேன் ஸ்போக். 55 வாட் பல்பு 12 வோல்ட்ல 4.6 ஆம்பியர் இழுக்கும். 35 வாட்டுக்கு 2.9 போதும். பழைய ஆல்டர்னேட்டர் இந்த வித்தியாசத்தை ஈடு கட்டாது. ஹெட்லைட் போட்டு ஓட்டினா பேட்டரி இறங்கிட்டே வரும், பாயிண்ட் இக்னிஷனும் அதே பேட்டரியில்தான் உயிர் வாழுது. 35/35 பல்பை மாட்டுங்க. அப்புறம் மீட்டர் வச்சுப் பாருங்க: நிறுத்தின நிலையில் 12.6 வோல்ட் பக்கம், ஓரளவு முறுக்கினா 13.5க்கு மேல 14.5க்குள்ள.

ஃபியூஸ் "சில நேரம்" போறதுதான் முக்கியமான துப்பு. சுமை மட்டும் அதிகம்னா ஒவ்வொரு தடவையும் போகணும். எங்கேயோ தோல் உரிஞ்ச வயர் சேஸிஸ்ல உரசுது. ஃபியூஸ் இருந்த இடத்துல 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி, லைட்டு, ஹாரன் எல்லாம் அணைச்சு வச்சுட்டு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்புங்க. பல்பு பளிச்சுனு எரிஞ்சா அங்கேதான் ஷார்ட். ஹேண்டில் கழுத்துப் பக்கம் வயர் கட்டு மடங்குற இடத்தை முதல்ல பாருங்க. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கிற வேலை மட்டும் வேண்டாம், அடுத்து எரியப்போறது வயர்.

அம்மீட்டரைத் திரும்ப மாட்டுங்க. அழகுக்கு வச்சது இல்லை அது. சாவி போட்டுக் கிக்கரை மெதுவா அழுத்தும்போது முள் இடப்பக்கம் சாய்ஞ்சு நிக்கும், பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த இடத்துல டிகம்ப்ரஷரைப் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுற லீவர்) பிடிச்சுக் கொஞ்சூண்டு தள்ளி, கிக்கரை மேலே விட்டு, டிகம்ப்ரஷரை விட்டுட்டு முழு மிதி. அம்மீட்டரைக் கழற்றின மனுஷன் எப்படி ஸ்டார்ட் பண்ணினாரோ!

பழைய ஆர்சி

இடையில் ஒன்று. சாமான் வாங்கக் காசைக் கொட்டுவதற்கு முன் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் ஆர்சியோடு பொருந்துகிறதா என்று துடைத்துப் பாருங்கள். கைமாறிய, மாற்றம் செய்த வண்டியில் இன்ஜின் கேஸே வேறு வண்டியுடையதாக இருக்கலாம். ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. பழையபடி ஆக்குவது அந்த வகையிலும் நல்லது.

ஸ்போக்

நம்பர் இரண்டும் சரி. அளந்தவை: பாயிண்ட் 0.6 மி.மீ., ஒரு பக்கம் குழி. தாள் நழுவும்போது பிஸ்டன் உச்சிக்கு ஏறக்குறைய 3 மி.மீ. கீழே. எக்ஸாஸ்ட் புஷ் ராட் சுற்றவே இல்லை, இன்லெட் சரி. அட்வான்ஸ் ஸ்பிரிங் ஒழுங்காக இழுக்கிறது. ஓட்டி, நின்றதும் உடனே பிளக்கை வெளியே எடுத்துப் பார்த்தேன்: ஸ்பார்க் மஞ்சளாக, நூல் மாதிரி. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தும் மாற்றம் இல்லை. வயரிங்: ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தால் பல்பு எரிகிறது!

நட்டுபோல்ட்டு

இடைவெளி அகலமானாலே பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், அதுவே ஒரு பங்கு அட்வான்ஸ். மீதியை வேண்டுமென்றே திருப்பி வைத்திருக்கிறார். உங்கள் கணுக்காலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

வரிசை முக்கியம். புது பாயிண்டும் கண்டென்சரும் போட்டு, இடைவெளியை 0.38 வைத்த பிறகுதான் டைமிங்கைத் தொட வேண்டும். மாற்றி செய்தால் இடைவெளி திருத்தும்போது டைமிங் மறுபடி நகரும். கண்டென்சர் சூட்டில் படுப்பது அடிக்கடி நடப்பது. ஆறினதும் உயிர் வரும், அதனால்தான் அரை மணிக் கணக்கு. வாங்குவதற்கு முன் உறுதி செய்ய, நின்ற உடனே நல்ல கண்டென்சர் ஒன்றை வெளியிலேயே கிளிப் போட்டு இணைத்து (பழையதன் வயரைக் கழற்றிவிட்டு) உதைத்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் டேப்பெட்டைத் தளர்த்த மறக்க வேண்டாம். இறுக்கமாகவே ஓடினால் வால்வு ஓரம் கருகிவிடும்.

ஸ்போக்

செய்தேன். கிக்கர் இப்போது பூனை. 40 நிமிடம் ஓட்டியும் நிற்கவில்லை. ஆனால் புதுத் தொல்லை: கால் ஆக்சிலேட்டரில் முக்குகிறது, பிக்கப் முன்பைவிட மோசம். டைமிங்கைக் கொஞ்சம் ஏற்றலாமா?

நட்டுபோல்ட்டு

தொடாதீர்கள்! முந்தின ஓனர் செய்ததும் இதேதான். கூம்பு ஃபில்டரும் குட்டை சைலன்சரும் காற்றைக் கூட்டிவிட்டன, பெட்ரோலை அளந்து விடும் ஜெட் பழையது, கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்தது. முக்கலை மறைக்க டைமிங்கை ஏற்றினார். வெள்ளை பிளக் முதலிலேயே சொன்ன சேதி அது.

ஓடும்போது சோக்கைப் பாதி போட்டுப் பாருங்கள். முக்கல் குறைந்தால் மெலிவு உறுதி. பிறகு ஐட்லிங்கில் கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. கார்புரேட்டரின் ஃபிளாஞ்சைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் கண்ணாடியில் 400 எமரி ஒட்டித் தேய்த்துச் சமமாக்கலாம்.

என் அபிப்பிராயம்: ஜெட் வேட்டைக்குப் போகாமல் ஏர் ஃபில்டர் டப்பாவையும் பழைய சைலன்சரையும் தேடி மாட்டுங்கள். அது கிடைக்கும்வரை ஓட்டியே ஆகணும் என்றால் கார்புரேட்டர் நீடிலின் கிளிப்பை ஒரு காடி (பள்ளம்) கீழே இறக்குங்கள். நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். மெயின் ஜெட் ஒரு படி பெரியது. ஏர் ஸ்குரூ ஒன்றரைச் சுற்றில் ஆரம்பியுங்கள், உள்ளே திருகினால் கலவை கனக்கும். ஆக்சிலேட்டரை விடும்போது வரும் வெடி தொடர்ந்தால் சைலன்சர் பெண்ட் ஹெட்டில் சேரும் இடத்தில் கசிவு பாருங்கள்.

கரண்ட்கம்பி

ஆயில் மாத்தும்போது ஒண்ணு. ஆயில் ஃபில்டர் கழற்றினா அந்தக் குழியை ஆயிலால நிரப்பிட்டுத்தான் மூடணும். காலியா மூடினா முதல்ல குழி நிரம்பற வரைக்கும் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடோட அடிப்பக்க பேரிங்) ஆயில் போகாது.

ஸ்போக்

பழைய டப்பா கிடைத்துவிட்டது, சைலன்சர் இன்னும் இல்லை. டப்பாவை மட்டும் மாட்டியதிலேயே முக்கல் பாதி போயிற்று, கிளிப் ஒரு காடி இறக்கியதில் மீதியும். பிளக் இப்போது வெளிர் பழுப்பு.

நட்டுபோல்ட்டு

நல்லது. சைலன்சர் மாட்டுகிற அன்றைக்கு கிளிப்பைப் பழைய காடிக்கு ஏற்றிவிடுங்கள். மறந்தால் அடுத்த மாதம் "பிளக் கறுக்கிறது" என்று இங்கேயே வந்து நிற்பீர்கள்.