வேலியில்லாத மைதானத்தில சனத்தை எப்பிடிப் பிரிச்சு நிப்பாட்டிறது?

குளக்கட்டான், கிளிநொச்சி
2022 தை 18

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் முடிஞ்ச கையோட ஒரு தலையிடியைக் கொண்டு வாறன்.

அக்கராயன் பக்கத்தில ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு நான் செயலாளர். கழகத்தின்ர பேரைக் கேக்காதேங்கோ. பிறகு கேள்வியை விட்டிட்டுப் பழைய ஓஃப்சைட் கோல் கதையைக் கிளறத் தொடங்கிடுவியள்.

2020 பங்குனியில எங்கட உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி அரையிறுதி வரைக்கும் வந்தது. 20ஆம் திகதி கொரோனாவால நாடு முழுக்க ஊரடங்கு. இறுதியாட்டம் இண்டு வரைக்கும் நடக்கேல்லை. இடையில ரெண்டு தரம் நாள் வைச்சம். முதல் தரம் மினுவாங்கொடைக் கொரோனாக் கொத்தணி வந்தது, அடுத்த தரம் 2021 சித்திரை வருசத்துக்குப் பிறகு வந்த அலை. கிண்ணம் எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல கிடக்கு. அம்மா அதுக்குள்ள ஊசி, நூல், தெறி எல்லாம் போட்டு வைச்சிருக்கிறா. இறுதிக்கு வந்த ஒரு அணியின்ர கோலி கட்டாருக்குப் போயிட்டான். மற்ற அணியில ரெண்டு பேர் கலியாணம் கட்டித் தொந்தியும் வைச்சிட்டாங்கள்.

இது ஞாபகார்த்தக் கிண்ணம். செலவைத் தாற மகன் கனடாவில. அப்பாவின்ர திவசம் மாசிக் கடைசியில வருது, அதுக்கு முதல் நடத்துங்கோ தம்பி எண்டு கேட்டிருக்கிறார். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிட்டப் போனன். மனிசன் மாட்டன் எண்டு சொல்லேல்லை. "எத்தனை பேர் வருவினம், எதால வருவினம், எங்க நிப்பினம், எல்லாத்தையும் எழுதிக் கொண்டாரும்" எண்டார். அங்கதான் நான் மாட்டுப்பட்டன்.

எங்கட மைதானத்துக்கு மதிலும் இல்லை, படலையும் இல்லை. கிழக்கால குளக்கட்டு, வடக்கால கிறவல் றோட்டு, தெற்கால பள்ளிக்கூட வேலி (அதிலும் ஆள் நுழையிற மூண்டு பொட்டு), மேற்கால வரிசையா மருதமரம். ஆட்டம் நாலு மணிக்குத் தொடங்கும். அந்த நேரம் குளக்கட்டில நிண்டால் வெயில் நேரே கண்ணுக்குள்ள அடிக்கும். அதால முழுச் சனமும் மேற்குப் பக்கம் மருத நிழலுக்குள்ளதான் குமியும். கடைசி அரையிறுதிக்கு அறுநூறு எழுநூறு பேர் வந்திருப்பினம். அதில ஐஞ்சில நாலு பங்கு அந்த ஒரு பக்கம், தோளோட தோள். மற்ற மூண்டு பக்கத்திலயும் ஆடு மேஞ்சது.

இங்கிலாந்தில சின்னக் கழகங்களுக்கு 300 பேர், 600 பேர் எண்டு கணக்கு வைச்சு விட்டவங்கள் எண்டு வாசிச்சன். அவங்களுக்குச் சுத்திவர மதில், ஆளை எண்ணி விடுற சுழல் கதவு எல்லாம் இருக்கு. எனக்கு எண்ணுறதுக்கு ஒரு வாசலே இல்லையே. அங்க இருந்து பாத்த ஆக்கள் ஆராவது இருந்தால் சொல்லுங்கோ. காசு சேக்கிறதும் இந்த முறை கஷ்டம். யூரியா இல்லாமல் வயல் எல்லாம் மஞ்சளாய் நிக்குது, ஊருக்குள்ள போய்க் கையேந்த மனம் வருகுதில்லை.

---

மாங்குளத்தான், லண்டன்
2022 தை 18

தம்பி, நான் இங்க ஒரு சின்னக் கழகத்தில சனிக்கிழமையளில வாசலில நிக்கிறனான். சம்பளம் இல்லை, ஒரு பச்சை ஜக்கெற்றும் தேத்தண்ணியும்தான். நீர் வாசிச்சது சரி. 2020 ஆவணியில அடிமட்ட லீக்குகளுக்குத்தான் முதல்ல ஆக்களை விட்டவங்கள். முதல் பாதி அளவு, பிறகு ஆவணி முடிய எங்கட தரத்துக் கழகத்துக்கு 300, ரெண்டு படி மேல உள்ளவங்களுக்கு 600. பெரிய லீக்குகள் ஒண்டிரண்டு ஆட்டத்தில சோதிச்சுப் பாத்தாங்கள். புரட்டாதி 8ஆம் திகதி கேம்பிரிஜில 862 பேரை விட்டாங்கள். ரெண்டு கிழமையால அரசாங்கம் பெரிய லீக்குகளின்ர சோதனையை எல்லாம் நிப்பாட்டிப் போட்டுது. அதுக்குப் பிறகு பாக்க வேணும் கூத்தை! அறுபதாயிரம் பேர் கொள்ளுற அரங்குகள் வெறுமையாய்க் கிடக்க, எங்கட தகரக் கொட்டிலடியில 300 பேர் நிண்டு கத்தினம். கார்த்திகையில திரும்பவும் முடக்கம், மார்கழி 2ஆம் திகதி தொடக்கம் தொற்றுக் குறைஞ்ச இடங்களில மட்டும் பெரிய கழகங்களுக்கு 2,000 வரைக்கும்.

ஆனா சுழல் கதவைப் பாத்துப் பொறாமைப்படாதையும். வாசலில எண்ணுறது லேசு. வாறவையின்ர பேரும் போன் நம்பரும் எழுதி 21 நாள் வைச்சிருந்தம், அதுவும் லேசு. எங்களைப் போட்டு வாட்டினது இடைவேளைதான். இஞ்ச சின்னக் கழகங்களில ஒரு பழக்கம். தன்ர அணி எந்தக் கோலுக்கு அடிக்குதோ அந்தக் கோலுக்குப் பின்னால போய் நிக்கிறது. இடைவேளையில பக்கம் மாறினா சனமும் மாறும். ரெண்டு பக்கத்து ஆக்களும் மூண்டடி ஒழுங்கைக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் உரசிக்கொண்டு போவினம், போற வழியில தேத்தண்ணிக் கடை வரிசை வேற. முதல் ஆட்டத்தில 90 நிமிசமும் ரெண்டு மீற்றர் தள்ளி நிண்ட சனம், அந்தப் பதினைஞ்சு நிமிசத்தில எல்லாத்தையும் குழப்பிப் போட்டுது. அடுத்த கிழமை வலம் மட்டும் சுத்தலாம் எண்டு அம்புக்குறி கீறினம், கோயில் வீதி மாதிரி. வெள்ளையள் வலம் சுத்தினதைப் பாத்து எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு.

அதால உம்மட்ட ஒண்டு கேக்கிறன். உங்கட சனம் எந்தெந்த நேரம் எங்க ஓடும்? ஆட்டம் ஓடேக்க நிக்கிற இடத்தைவிட அதைத்தான் முதல் எழுதும்.

---

வெள்ளைத்தொப்பி, வவுனியா
2022 தை 19

நான் தாதி. கொரோனா வாட்டில் இரண்டு வருடம் நின்றவள், அதனால் கொஞ்சம் கண்டிப்பாக எழுதுவேன், கோபிக்க வேண்டாம்.

திறந்த வெளி என்பது உங்களுக்குக் கிடைத்த வரம். மதில் இல்லையே என்று அழுகிறீர்கள், காற்று தாராளமாக அடிக்குதே என்று பாருங்கள். பூட்டின அறைக்குள் பரவுவதைவிட வெளியில் பரவுவது எவ்வளவோ குறைவு. ஆனால் ஆட்டம் பார்க்கிறவர் வீட்டிலிருந்து மைதானத்துக்குப் பறந்து வருவதில்லை. 2020 மாசி 19இல் இத்தாலியில் பெர்காமோ அணி விளையாடிய ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்டம் நடந்தது மிலான் நகரில். 40,000க்கு மேற்பட்ட சனம் பஸ்ஸிலும் ரயிலிலும் அடைந்து போய், கடைகளில் குடித்து, கட்டிப்பிடித்து, அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. பிறகு பெர்காமோ பட்ட பாட்டை உலகமே பார்த்தது. அந்த ஆட்டமும் ஒரு காரணம் என்று அங்குள்ள வைத்தியர்களே சந்தேகப்பட்டார்கள்.

உங்களுக்கு அந்த பஸ் எது? லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கிற பெட்டி. ஒரு பெட்டிக்குள் இருபத்தைந்து பெடியள், தறப்பாளும் மூடி, கத்திக்கொண்டு வருவாங்கள். பி.எச்.ஐ.க்கு எழுதும் கடிதத்தில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

மற்றது கத்துவது. கதைப்பதைவிடக் கத்தும்போது வாயிலிருந்து பறப்பது பல மடங்கு. விசிலும் அப்படித்தான். கத்தாதே என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல முடியாது, பறையும் தகரமும் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் டிரம்மில் சங்கிலி போட்டுக் கட்டின அந்த ஒற்றைப் பேணியைத் தயவுசெய்து கழற்றி எறியுங்கள். கொரோனா இல்லாவிட்டாலும் எறிய வேண்டிய பேணி அது. இரண்டு ஊசியும் போட்டாச்சு என்ற துணிவில் மாஸ்க்கை நாடிக்குக் கீழ் விடுகிறவர்களுக்கு ஒரு சொல்: இப்போது சுற்றுவது ஒமிக்ரோன், அது ஊசி அட்டையைப் பார்த்து விலகிப் போகாது. ஊசி உயிரைக் காக்கும், தொற்றை முழுதாக மறிக்காது. வயசாளிகளுக்குத் தனி இடமும் கதிரையும் கொடுங்கள்.

---

கச்சான்காரியின் மகள்
2022 தை 19

அம்மா சொல்லச் சொல்ல எழுதுறன். அவ இருபது வருசமா பந்தடி நடக்கிற இடமெல்லாம் கச்சான் வறுத்து விக்கிறா.

"தம்பி, சனம் பந்துக்குப் பின்னால ஓடாது, நிழலுக்குப் பின்னாலயும் கச்சானுக்குப் பின்னாலயும்தான் ஓடும். என்னை எங்க இருத்திறியோ அங்க பத்துப் பேர் நிப்பினம். ஐஸ்கிறீம் வானை என்ர பக்கத்தில விட்டால் ஐம்பது பேர். எங்களை ஒவ்வொரு மூலைக்கு ஒராளாப் பிரிச்சு விடு. நான் வீட்டிலயே சுருளில கட்டிக் கொண்டு வாறன், பேணியால அளக்கிற வேலை இல்லை. மிச்சக் காசு குடுக்காத மாதிரி விலையையும் முழுசா வைக்கிறன்."

நூறு ரூபாய்க்குக் குறைய இல்லையாம். எண்ணெய் விலை அப்பிடி.

---

பழைய நடுவர், முள்ளியவளை
2022 தை 20

எல்லாரும் பாக்க வாறவனைப் பற்றியே கதைக்கிறியள். சமநிலையில முடிஞ்சு பெனால்டி வந்தால் என்ன செய்வியள்? முழு மைதானமும் ஒரு கோலுக்குப் பின்னால வந்து விழும். நான் ஊதின எந்த ஆட்டத்திலயும் பொலிஸ் நிண்டும் அதை மறிக்க முடிஞ்சதில்லை. பெனால்டி எந்தக் கோலில எண்டதை முதலே முடிவெடுத்து ஒலிபெருக்கியில சொல்லிப்போடு. அந்தக் கோலுக்குப் பின்னால இருபது யார் கயிறு அடிச்சு மறி. மேடையைக் குறை. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எண்டு பதினைஞ்சு பேருக்கு மாலை போட்டு, ஒரே மைக்கை எச்சில் தெறிக்கத் தெறிக்கக் கை மாத்தி... அதில வாற கொரோனா மருத மரத்தடியில வராது.

---

குளக்கட்டான், கிளிநொச்சி
2022 மாசி 2

எல்லாருக்கும் நன்றி. கச்சான் அம்மாவின்ர கதையோடதான் எனக்கு வெளிச்சம் வந்தது. நான் சனத்தை எண்ணப் பாத்தன், நிழலை எண்ணியிருக்க வேணும்.

கடிதத்தில இப்பிடி எழுதினன். ஆட்டம் நாலு மணிக்கு இல்லை, நாலேமுக்காலுக்கு. அப்ப வெயில் மருதங்களுக்குப் பின்னால இறங்கிடும், குளக்கட்டிலயும் நிக்கலாம். கட்டு வழிய எட்டு இடத்தில நாலு கம்பு நட்டுத் தறப்பாள் (மீள்குடியேற்ற நேரம் தந்த தறப்பாள் இன்னும் எல்லார் வீட்டிலயும் கிடக்கு, கிழிஞ்சாலும் நிழல் தரும்). மருதடியில மாட்டுக் கயிறு கட்டி, வயசாளிகளும் பொம்பிளைப் பிள்ளையளும் மட்டும். லான்ட்மாஸ்டரில வந்தால் அந்த அணிக்கு ஆட்டம் இல்லை. மைக் அறிவிப்பாளரிட்ட மட்டும். முகநூலில நேரலை, கனடாக்காரர் டேட்டாக் காசு தாறார்.

பி.எச்.ஐ. ஐயா வாசிச்சுப் போட்டு ஒரு இடத்தில மட்டும் சிவப்புப் பேனையால கீறினார். "வயசாளிகளுக்கு ஏன் மருதடி? எல்லாரும் அவையைச் சாட்டிக்கொண்டு அங்க வந்து நிப்பினமே" எண்டார். உண்மைதான். வயசாளிகளைப் பள்ளிக்கூட விறாந்தைக்கு மாத்தினம்.

---

குளக்கட்டான், கிளிநொச்சி
2022 மாசி 28

நேற்று, சிவராத்திரிக்கு முந்தின ஞாயிறு, நடத்தி முடிச்சாச்சு.

லான்ட்மாஸ்டரை மறிக்க ரெண்டு பெடியளை றோட்டில விட்டனான். தேவையே வரேல்லை. டீசல் இல்லை, பெற்றோல் செற்றில வரிசை. முக்கால்வாசிச் சனம் சைக்கிளில வந்தது. வந்தது நானூறு வரும். தறப்பாள் வேலை செய்தது. கட்டு வழிய சனம் சின்னச் சின்னக் கும்பலாய், குடும்பம் குடும்பமாய்ப் பரந்து இருந்ததை நான் ஒரு நாளும் கண்டதில்லை. ஏழாவது தறப்பாளைக் காத்து தூக்கி ஆட்டத்துக்கு நடுவில போட்டுது, ரெண்டு நிமிசம் ஆட்டம் நிண்டது. மாஸ்க் முதல் பாதியில இருந்தது, பிறகு நாடிக்கு வந்திட்டுது. தாதி அக்காவிட்ட மறைக்க விரும்பேல்லை.

ஒண்டுக்கு ஒண்டு. நடுவர் ஐயா சொன்ன மாதிரியே பெனால்டி. ஒலிபெருக்கியில சொன்னம், கயிறும் இருந்தது. முதல் நாலு அடிக்கும் சனம் நிண்ட இடத்தில நிண்டு தகரம் அடிச்சுது. ஐஞ்சாவதைக் கோலி பிடிச்சவுடன கயிறும் இல்லை, ஒண்டும் இல்லை. அவனுக்கு மேல நாப்பது பேர். அதை எந்தக் கடிதத்திலயும் எழுதேலாது. அண்டு ஓடின எல்லாரின்ர பேரும் எனக்குத் தெரியும், பத்து நாளைக்கு ஆருக்கும் காய்ச்சல் கண்டால் உடன சொல்லச் சொல்லி வாட்ஸ்அப்பில போட்டிருக்கிறன்.

கிண்ணத்தை மேசையில வைச்சம், கப்டன் தானே எடுத்துக்கொண்டான். தலைக்கு மேல தூக்கிக் கவிழ்க்க, உள்ளுக்குள்ள இருந்து ஒரு வெள்ளைச் சட்டைத் தெறி அவன்ர நெத்தியில விழுந்தது. அம்மா வீட்டில இருந்து நேரலை பாத்தவ. நான் வர முதலே போன் எடுத்து, அந்தத் தெறியை எடுத்தனியோ எண்டு கேட்டா.