வேலை இடத்துல பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கிற விசாகா கமிட்டி முன்னாடி உட்கார்ந்தவங்க யாராவது இருக்கீங்களா?

கணக்குப்பிள்ளை:
அந்த ஆளு என்ன பண்ணான்னு எழுதப் போறதில்ல. புகார்ல எழுதியாச்சு, திரும்பத் திரும்பப் படிக்கவும் வெச்சுட்டாங்க, போதும். எனக்கு உறுத்துறது ஒரு டீ. கோயம்புத்தூர் பக்கம் ஒரு கம்பெனி, நான் அக்கவுண்ட்ஸ். மேஜைக்கு அந்தப் பக்கம் கமிட்டி, இந்தப் பக்கம் நான், பக்கத்து நாற்காலியில அவர். ஆமா, ஒண்ணாத்தான் உட்கார வெச்சாங்க. ஆபீஸ் பையன் டிரேயோட வந்தான். தலைவி மேடம் பேப்பர்ல இருந்து கண்ணை எடுக்காமலே, "சாருக்கு சர்க்கரை இல்லாததுப்பா, அந்தக் கப்பு" அப்படின்னாங்க. எனக்குச் சர்க்கரை வேணுமான்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் குடிச்சிருக்க மாட்டேன், அது வேற விஷயம். "போதிய ஆதாரம் இல்லை"ன்னு லெட்டர் பின்னாடி வந்துச்சு. எனக்கு அந்த டீயிலயே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கெல்லாம் எப்படி நடந்துச்சு?

பேருந்துப்பயணி:
எங்க காலத்துல கமிட்டியாவது ஒண்ணாவது. 1998 ஜூலை, எத்திராஜ் காலேஜ் மாணவி சரிகா ஷா. அப்போ சென்னையில படிச்ச யாருக்கும் இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. ஆட்டோவுல வந்த பசங்களோட "விளையாட்டு"ல ஒரு உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் பெண்களைச் சீண்டுறதுக்கு எதிரா தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு. அதுல ஒண்ணு நிறைய பேருக்குத் தெரியாது: பஸ்ஸுல ஒரு பொண்ணு புகார் சொன்னா, டிரைவரும் கண்டக்டரும் வண்டியை நேரா பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு விடணும்.

எனக்கு நடந்தது. காலை நேரக் கூட்டம், பின்னாடி நின்னவன் கை. கத்திட்டேன். கண்டக்டர் வயசானவர், என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டு, "ஸ்டேஷனுக்கு விடுப்பா"ன்னு குரல் குடுத்தார். அவ்வளவுதான், வண்டி பூரா என் மேல பாஞ்சுது. "ஆபீஸ் போக வேணாமா நாங்க?" முன் சீட்ல ஒரு அம்மா, எங்கம்மா வயசு இருக்கும், "அந்தப் பொண்ணை இங்கயே இறக்கி விட்டுட்டுப் போங்கய்யா"ன்னாங்க. அவனை இல்ல, என்னை! அவன் என்ன ஆனான்னு சத்தியமா ஞாபகம் இல்ல. அந்த அம்மா கையில இருந்த ஒயர் கூடை நிறம் வரைக்கும் ஞாபகம் இருக்கு.

நடுநிலையான்:
கணக்குப்பிள்ளை மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒருத்தருக்குச் சர்க்கரை வேணாம்னு தெரிஞ்சா, தலைவி அவர் பக்கம்னு ஆயிடுமா? வருஷக்கணக்கா ஒரே மாடியில உட்கார்ந்தா எல்லார் சர்க்கரையும் எல்லாருக்கும் தெரியும். நானும் எங்க ஆபீஸ் கமிட்டியில இருந்தவன். எங்ககிட்ட வந்தது ஒரே புகார். ரெண்டாவது தடவை கூடினப்போ அந்தப் பொண்ணே வாபஸ்னுட்டாங்க. எழுதிக் கொடுக்கச் சொன்னோம், அவங்க பேனா எழுதல. யார் மேல புகாரோ அவரே தன் பேனாவைக் கொடுத்தார். அதுல கையெழுத்துப் போட்டாங்க. ஏனோ அது இன்னும் மனசுல நிக்குது. ஆனா ஒண்ணு, வாபஸ் வாங்குற புகாருக்கும் ஏதாவது தண்டனை வேணும். அவர் பேரு கெட்டது கெட்டதுதானே?

மதுரை வக்கீல்:
நடுநிலையான் சார், உங்க பேனாவை நீங்களே ஒரு தடவை திரும்பப் படிச்சுப் பாருங்க. அப்புறம், சட்டத்தையும் படிச்சுட்டுப் பேசலாம். வேலை இடத்துல பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013 சட்டத்துல 14ஆவது பிரிவு: வேணும்னே பொய்னு விசாரிச்சு நிரூபிச்சாத்தான் புகார் கொடுத்தவங்க மேல நடவடிக்கை. ஆதாரம் கொடுக்க முடியாமப் போறது பொய்ப் புகார் ஆகாதுன்னு அங்கேயே எழுதியிருக்கு. அந்தப் பிரிவே வேணாம்னு சொன்னது, பெண்களுக்கு எதிரான குற்றச் சட்டங்களைத் திருத்த அரசு போட்ட நீதிபதி வர்மா கமிட்டி. இந்த உள் கமிட்டி முறையும் சரிவராது, தனித் தீர்ப்பாயம் வேணும்னும் சொன்னாங்க. காரணம் நீங்க சொன்ன அதே ஒரே மாடிதான். யாரும் கேக்கல.

அந்த வர்மாதான், வேலை இடத்துல இந்த மாதிரி கமிட்டி வேணும்னு 1997 ஆகஸ்டுல விசாகா தீர்ப்பு சொன்ன சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சுக்குத் தலைமை. அதுக்கு மூலம் பன்வாரி தேவி. ராஜஸ்தான்ல பட்டேரி கிராமம், அரசுத் திட்டத்துல வேலை பார்த்த அம்மா. குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனதுக்கு 1992இல் கும்பலா சேர்ந்து சிதைச்சாங்க. 1995இல் கீழ்க் கோர்ட்டு, மேல்சாதிக்காரங்க கீழ்சாதிப் பொண்ணைத் தொடமாட்டாங்கன்னு எல்லாம் எழுதி, விட்டுடுச்சு. அந்தம்மாவுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைச்சிருக்கு. தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் நடுவுல 16 வருஷம்.

இனி புகார் கொடுக்கப் போறவங்களுக்கு. சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல கொடுங்க. தாமதத்துக்குக் காரணம் எழுதினா கமிட்டி இன்னும் 3 மாசம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளுல முடியணும். நடக்கும்போது அவரையோ உங்களையோ இடம் மாத்தச் சொல்லலாம், 3 மாசம் வரைக்கும் லீவும் கேக்கலாம். சமரசம் நீங்க கேட்டா மட்டும்தான், அதுலயும் பணம் பேசக் கூடாது. வக்கீலை உள்ள விடமாட்டாங்க, அதனால தேதி போட்டு எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கோங்க. வெளியிலிருந்து ஒரு உறுப்பினர் இருக்கணும், பாதிப் பேராவது பெண்கள் இருக்கணும். கமிட்டியே இல்லன்னா முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவான இடம்னா மாவட்ட அளவுல உள்ளூர்க் கமிட்டி.

என் அனுபவம்னு கேட்டா, கேஸுக்கு வந்த அம்மா ஒருத்தங்க புகாரை முதல்ல என்கிட்ட வாய்விட்டுச் சொல்ல முடியாம, பாப்பாவோட ரஃப் நோட்டுல எழுதிக் காட்டினாங்க.

மில்லுச் செல்வி:
வக்கீலம்மா சொன்னதெல்லாம் எங்க மில்லுலயும் போர்டுல இருந்துச்சு. திண்டுக்கல் பக்கம். சாப்பாட்டு ஹால்ல தண்ணித் தொட்டிக்கு மேல ஒட்டிருந்தாங்க, யாரும் அண்ணாந்து பாத்ததில்ல. ஒரு நாள் புதுசா சேந்த புள்ள ஒண்ணு தட்டைக் கழுவிக்கிட்டே, "அக்கா, இந்த லிஸ்ட்ல உங்க பேரு இருக்கே"ன்னுச்சு. பாத்தா என் பேருதான். உறுப்பினராம். எனக்கே தெரியாது. எப்ப எந்தப் பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்களோ. அன்னிக்கு அந்தப் புள்ள எங்கிட்டதான் சொல்ல வந்துருந்துச்சு. லைன் சூப்பர்வைசரைப் பத்தி. நான் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல, அதும் மூஞ்சியைப் பாக்க முடியல.

2021இல் ஜெயஸ்ரீங்கற தொழிலாளிப் புள்ளையைக் கொன்ன பிறகுதான் எங்க பக்கமெல்லாம் பேச்சே ஆரம்பிச்சுது. அது வேற மில்லு. அங்க தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடல. 2022 ஏப்ரல்ல இந்தத் தொல்லையைத் தடுக்க ஒப்பந்தம் போட வெச்சுட்டாங்க. திண்டுக்கல் ஒப்பந்தம்ங்கறாங்க. வேலை செய்யற புள்ளைங்களே தளத்துல கண்காணிக்கணும்னு அதுல ஏற்பாடு. வெளிநாட்டுத் துணிக் கம்பெனிங்களும் கையெழுத்துப் போட்டாங்க, அதனாலதான் முதலாளி பயந்தாரு. நடுநிலையான் அண்ணே, எங்க சூப்பர்வைசர் டீயில சர்க்கரை எவ்வளவுன்னு எங்களுக்கும் தெரியும். நாங்கதான் கலக்கிக் குடுக்கணும்.

நடுநிலையான்:
நான் பொதுவாச் சொன்னேன். மில்லும் ஆபீஸும் ஒண்ணு இல்ல.

பேருந்துப்பயணி:
பஸ்ஸும் ஆபீஸும் ஒண்ணு இல்லன்னு அடுத்து எனக்குச் சொல்லுவீங்க, சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
வக்கீல் மேடம், லெட்டர் வந்தாச்சுன்னா அவ்வளவுதானா?

மதுரை வக்கீல்:
இல்லம்மா. கமிட்டி பரிந்துரை வந்து 90 நாளுக்குள்ள மேல்முறையீடு இருக்கு. அறிக்கை நகல் கொடுத்தாங்களா? லெட்டர்ல தேதி என்ன போட்டிருக்கு, முதல்ல அதைச் சொல்லுங்க.