குளுக்கோஸ் சேர்த்தால் கலங்கல் குறைகிறது, ஆனால் புரதம் மஞ்சளாகிறது. சுக்ரோஸா, டிரெகலோஸா?

நொதிப்பித்தன்
45 கிலோடால்டன் நொதி, மி.லி.க்கு 1 மி.கி. பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்): 20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பிஎச் 7.4. மைனஸ் 20-ல் வைத்து எடுத்தால் கலங்குகிறது. சென்ட்ரிஃபியூஜில் போட்டால் அடியில் வெள்ளைப் படிவு, செயல்திறன் பாதி. 5% குளுக்கோஸ் சேர்த்ததும் கலங்கல் குறைந்தது. ஆனால் 37 டிகிரியில் இரண்டு வாரம் வைத்த சாம்பிள் மஞ்சளடிக்கிறது, மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறு எடையை அளக்கும் கருவி) 162, 324 டால்டன் தள்ளி புதுப் பீக்குகள். சர்க்கரை புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் காப்பாற்றுகிறது என்றால், இதைத் தவிர்க்கவே முடியாதா?

கரைசல்
ஒட்டிக்கொள்வதால் இல்லை, ஒட்டாமல் விலகி நிற்பதால்தான் காப்பாற்றுகிறது. புரதத்தைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில் சர்க்கரையின் செறிவு வெளிக்கரைசலைவிடக் குறைவு. அப்படி விலக்கி வைக்க ஆற்றல் செலவாகும். வெளியே தெரியும் பரப்பு கூடக்கூடச் செலவும் கூடும். மடிப்பு குலைந்த சங்கிலிக்குப் பரப்பு அதிகம், ஆகவே சர்க்கரைக் கரைசலில் அது மடிந்தே கிடப்பதுதான் லாபம். 1981-ல் திமாஷெஃப் குழு சுக்ரோஸிலும் கிளிசராலிலும் அளந்து காட்டியது இதைத்தான்.

பிடிமானம் எதுவும் இல்லாததால் துளி அளவு போட்டுப் பயனில்லை. குறைந்தது 0.2 முதல் 0.3 மோலார் வேண்டும், சுக்ரோஸில் 0.25 மோலார் என்றால் 100 மி.லி.க்கு 8.56 கிராம். அப்போதும் உருகுநிலை (புரதம் மடிப்பு குலையும் வெப்பநிலை) ஒன்றிரண்டு டிகிரிதான் ஏறும், அற்புதம் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் 162 வேறு கதை. குளுக்கோஸ் ஒடுக்கும் சர்க்கரை, அதாவது அமினோ தொகுதியோடு வினைபுரியும் முனை கொண்டது; புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமினோவோடு வினைபுரிந்து ஒரு நீர் மூலக்கூறு போனால் 180 போக 18, அதாவது 162. இரண்டு லைசின் என்றால் 324. லாக்டோஸ், மால்டோஸிலும் இதே தொல்லை. சுக்ரோஸும் டிரெகலோஸும் ஒடுக்காதவை. ஆனால் அமிலக் கரைசலில் வெப்பத்தில் நெடுநாள் வைத்தால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் விட்டுவிடும். அங்கே டிரெகலோஸ்தான் பாதுகாப்பு.

உறைபனி
சர்க்கரையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த சோடியம் பாஸ்பேட்டைத் தூக்குங்க. உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிப் பிரியும். மிச்சத் திரவத்தின் பிஎச் 7-ல இருந்து 4 பக்கம் வரை சரியும். சோடியம் குளோரைடோ மைனஸ் 21-க்கு மேலே முழுசா உறையாது, அதனால மைனஸ் 20 ஃப்ரீசர்ல உங்க புரதம் அமில உப்புநீர்ல ஊறிக்கிட்டு இருக்கு.

பிஎச் 6 பக்கம் இறங்கினால் நொதிக்கு ஒத்துவருமா? வரும்னா இதைச் செஞ்சு பாருங்க. 100 மி.லி.க்கு ஹிஸ்டிடின் 0.155 கிராம் (10 மில்லிமோலார்), சுக்ரோஸ் 8.5 கிராம். 80 மி.லி. நீரில் கரைச்சு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 6.2-க்குக் கொண்டுவந்து, 10% பாலிசார்பேட் 80 (சோப்பு மாதிரி மேற்பரப்பில் சேரும் பொருள்) ஸ்டாக்ல 0.2 மி.லி. விட்டு, 100-க்கு நிரப்பி, 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டுங்க. சர்க்கரையைப் பொடியா புரதத்துல கொட்டாதீங்க. டயாலிசிஸ் (சவ்வு வழியா மாத்துறது) அல்லது டீசால்டிங் வடிகுழாய்ல (உப்பு பிரிக்கும் column) பஃபரையே மாத்துங்க. 50 மைக்ரோலிட்டரா பிரிச்சு திரவ நைட்ரஜன்ல உறையவெச்சு மைனஸ் 80-ல போடுங்க. எடுக்கும்போது சீக்கிரம் உருக்கி, மெல்ல கவிழ்த்துக் கலக்கணும், வோர்டெக்ஸ் (வேகமா சுழற்றிக் குலுக்கும் கருவி) கூடாது.

பிஎச் 7.5 கட்டாயம்னா பொட்டாசியம் பாஸ்பேட். டிரிஸ் (இன்னொரு பஃபர்) போட்டா ஒவ்வொரு டிகிரிக்கும் பிஎச் 0.028 நகரும்: 25-ல 7.5 வெச்சது 4-ல 8.1.

நுரை
மேலே உறைபனி பாலிசார்பேட்டை ஒரு வரியில் கடந்துவிட்டார், காரணம் சொல்ல வேண்டும். குலுக்கும்போது காற்று–நீர் எல்லையில் விரிந்து கொத்தாகும் புரதத்துக்குச் சர்க்கரையால் பெரிதாக உதவ முடியாது. அந்த எல்லையை 0.02% பாலிசார்பேட் முந்திப் பிடித்துக்கொள்ளும். திறந்து நாளான பாட்டிலில் பெராக்சைடு சேர்ந்து புரதத்திலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கெடுக்கும், புதிதாக வாங்கிச் சின்னக் குப்பிகளில் வையுங்கள்.

அர்ஜினின் என்ற அமினோ அமிலம் (0.1 முதல் 0.5 மோலார்) வேறு வகை. கொத்து சேருவதைத் தடுக்கும், ஆனால் உருகுநிலையை ஏற்றாது, சிலதில் இறக்கவும் செய்யும். டிரெகலோஸ் போட்டு மைனஸ் 20-ல் மாதக்கணக்கில் வைத்தால் அது டைஹைட்ரேட்டாகப் படிகமாகிப் புரதத்தைக் கைவிட்டுவிடலாம். மைனஸ் 20-தான் இருக்கிறது என்றால் 50% கிளிசரால் சேருங்கள், உறையாமல் திரவமாகவே இருக்கும்.

நொதிப்பித்தன்
ஹிஸ்டிடின்–சுக்ரோஸில் கலங்கல் இல்லை, செயல்திறனும் அப்படியே இருக்கிறது, நன்றி! ஆனால் டிஎல்எஸ்-ல் (ஒளிச்சிதறலால் துகளின் அளவு பார்க்கும் முறை) 6 நானோமீட்டர் இருந்தது 8 ஆகிவிட்டது. 150 பக்கம் ஒரு சின்ன மேடு வேறு.

கரைசல்
மென்பொருளில் இன்னும் தண்ணீரின் பாகுநிலை இருக்கிறது. இந்தச் சுக்ரோஸ் கரைசல் கால் மடங்குக்கு மேல் தடிப்பு, அளவும் அதே விகிதத்தில் ஊதிக் காட்டும்; சரியான மதிப்பைக் கொடுத்தால் 6-க்கே திரும்பும். அந்த மேடு பெரும்பாலும் சுக்ரோஸோடு வரும் நுண்துகள் அசுத்தம், 0.22 ஃபில்டரில் அது முழுதாக நிற்காது. புரதம் இல்லாத வெறும் பஃபரையும் ஓட்டிப் பாருங்கள், மேடு அங்கேயும் வந்தால் சர்க்கரையின் லாட்டை மாற்றுங்கள்.